வெள்ளைப் பட்டியின் வரலாறு

விசயதசமி நாளில் நம் வீடுகளிலும் கோவில்களிலும் ஏடு தொடக்குகிறோம். மூன்று வயதுப் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்துப் பச்சரிசியிலே 'அ' எழுதுவிக்கிறோம். எழுத்துக் கோணினாலும் அங்கு எவர் முகமும் கோணுவதில்லை. பிள்ளை அழுதால் கற்கண்டு கொடுத்துத் தேற்றுகிறோம். அறியாமையோடு ஒருவர் கல்வியின் வாசலில் வந்து நிற்பதை இவ்வளவு மகிழ்ச்சியோடு கொண்டாடும் நாம், அதே வீட்டில் நாற்பது வயதைக் கடந்த ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்கப் புகுந்தால் என்ன சொல்கிறோம்? "இந்த வயதில் இனி என்னத்துக்கு?" என்கிறோம். அவரும் அச்சொல்லுக்கு நாணித் திரும்பிவிடுகிறார். தொடக்கம் குழந்தைக்கு அழகு, பெரியவர்க்கு இழுக்கு என்பது எங்ஙனமோ நம் மனத்தில் ஊறிவிட்டது.

இந்த நாணத்தைக் களையும் ஒழுங்கு ஒன்றைக் கொரிய நாட்டுக் கலையாகிய டேக்வாண்டோவிலே காண்கிறோம். அக்கலை பயிலும் கூடத்தை 'டோஜாங்' என்பர். அங்கே மாணவர் வரிசையில் நிற்பது வயது முறைப்படியன்று. செல்வ முறைப்படியும் அன்று. இடுப்பிற் கட்டிய பட்டியின் நிறப்படியே நிற்பர். பச்சைப் பட்டி பெற்ற ஒன்பது வயதுச் சிறுவன் முன் வரிசையில் நிற்க, நேற்று வந்து சேர்ந்த அவன் தந்தை வெள்ளைப் பட்டியோடு பின் வரிசையில் நிற்பார். வீட்டில் தந்தை சொல்லை மகன் கேட்க வேண்டும். கூடத்தில், காலை எப்படி மடக்குவது என்று மகன் காட்டத் தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும். மகன் குருவாக, தந்தை சீடராகக் காது கொடுத்த தலம் என்று சுவாமிமலையைப் போற்றும் நமக்கு இக்காட்சி முற்றும் புதியதன்று. ஆயினும் கோவிலிற் கும்பிடுவதை வாழ்க்கையில் ஏற்பது எளிதோ?

வெள்ளைப் பட்டி எங்கிருந்து வந்தது? அதைக் கட்டி முதலில் நின்றவர் யாவர்? இவற்றை ஆராயப் புகுந்தால், டேக்வாண்டோவின் வரலாறு முழுவதுமே தொடக்க மாணாக்கர் ஒருவரின் கதை போல விரிகின்றது. அதனை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

பட்டி வந்த வழி

பட்டியின் கதை கொரியாவில் அன்று, யப்பானில் தொடங்குகின்றது. 1860ஆம் ஆண்டில் பிறந்த கானோ ஜிகோரோ என்பவர் மாணவப் பருவத்தில் உடல் மெலிந்தவர், வலியவர்களால் துன்புறுத்தப்பட்டவர். அத்துன்பத்தினின்றும் தப்பும் பொருட்டே பழைய 'யுயுற்சு' மற்போர் முறைகளைக் கற்றார். பின்னர் 1882ஆம் ஆண்டில், தோக்கியோ நகரிலுள்ள ஒரு பௌத்த ஆலயத்தின் சிறு அறையில் 'கோடோகான்' என்னும் பள்ளியை நிறுவி, தாம் திருத்தியமைத்த முறைக்கு 'யூடோ' எனப் பெயரிட்டார்.

கானோ தொழிலால் ஆசிரியர். ஆகவே ஆசிரியரின் கண்கொண்டே அவர் இக்கலையை நோக்கினார். பழைய மற்போர்ப் பள்ளிகளில் மாணவன் பல்லாண்டு உழைத்த பின்னரே குருவிடமிருந்து ஓர் ஓலைச்சுருள் கிடைக்கும். இடையே அவன் எங்கு நிற்கிறான் என்பதை அவனும் அறியான், பிறரும் அறியார். கானோவோ ஏணிக்குப் படிகள் அமைப்பதுபோலக் கல்விக்குப் படிகள் அமைத்தார். 1883ஆம் ஆண்டில் தம் மாணவர் இருவர்க்கு 'முதல் டான்' என்னும் தரத்தை வழங்கினார். சில ஆண்டுகளில் அத்தரம் பெற்றோர் கறுப்புப் பட்டி கட்டும் வழக்கம் உண்டாயிற்று. 'முதல் டான்' என்பதற்கு யப்பானிய மொழியில் வழங்கும் சொல் 'சோடான்' என்பது. தொடக்கப் படி என்பதே அதன் பொருள். கறுப்புப் பட்டியை முடிவென்று எண்ணுவோர் பலர்; அதை ஆக்கியவரோ அதற்குத் தொடக்கம் என்றே பெயரிட்டார்.

வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே இன்று நாம் காணும் பல நிறங்கள் பின்னர் வந்தவை. 1930களில் பிரான்சு தேசத்தில் யூடோ கற்பித்த கவாயிசி என்னும் யப்பானிய ஆசிரியர் பல நிறப் பட்டிகளைப் பரவச் செய்தார். நீண்ட காலம் ஒரே வெள்ளைப் பட்டியோடு நிற்க மனமில்லாத மாணவர்க்கு அது ஊக்கம் அளித்தது.

1922ஆம் ஆண்டில், ஒகினாவாத் தீவிலிருந்து புனாகோசி கிச்சின் என்ற பாடசாலை ஆசிரியர் தோக்கியோவுக்கு வந்தார். அவர் கொணர்ந்த கலை கராத்தே. கானோ அவரை அழைத்துக் கோடோகானிலே செய்து காட்டச் சொன்னார். அப்பொழுது புனாகோசிக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. ஊரில் மதிப்போடு இருந்தவர், தலைநகரில் அறிமுகமற்ற ஒருவராய்ப் புதிதாகத் தொடங்கினார். கானோவின் வெள்ளுடையையும் தர முறையையும் தம் கலைக்கு ஏற்றுக்கொண்டு, 1924ஆம் ஆண்டில் தம் மாணவர் சிலர்க்கு முதல் டான் வழங்கினார். புனாகோசியிடம் பயின்ற மாணவருள் கொரியரும் இருந்தனர். அவ்வழியே பட்டி கடல் கடந்தது.

அடிமை நாட்டில் விழுந்த வித்து

1910ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை கொரியா யப்பானின் ஆட்சியில் அடங்கிக் கிடந்தது. கொரிய மொழிக்கும் கொரியப் பெயர்க்கும்கூட இடர் நேர்ந்த காலம் அது. ஊர்ப் பெருநாட்களில் இளைஞர் காலால் தட்டியும் இடறியும் விளையாடிய 'தேக்கியன்' என்னும் பழைய ஆட்டம் மறைந்துபோகும் நிலையை அடைந்தது. 1893ஆம் ஆண்டில் பிறந்த சொங் டொக்-கி என்பவர் அதை மறவாது காத்து, முதுமையில் இளையோர்க்குக் கற்பித்தார். அவர் காத்த கலை 1983இல் கொரிய அரசின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகவும், 2011இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம்பெற்றது.

உயர் கல்விக்காக யப்பான் சென்ற கொரிய இளைஞர், ஆள்வோரின் நாட்டிலேயே ஆள்வோரின் கலையைக் கற்றனர். அவருள் ஒருவர் லீ வொன்-குக். சட்டம் படிக்கச் சென்ற அவர் புனாகோசியிடம் கராத்தே பயின்று மீண்டு, 1944ஆம் ஆண்டில் சியோல் நகரில் 'சொங் டோ குவான்' என்னும் பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டில் நோ பியோங்-ஜிக் என்பவர் கேசொங் நகரில் 'சோங் மு குவான்' பள்ளியைத் தொடங்கினார். 1945இல் விடுதலை கிடைத்ததும் இன்னும் பல பள்ளிகள் எழுந்தன. புகையிரதப் பகுதியில் வேலைபார்த்த ஹுவாங் கீ 'மு டொக் குவான்' பள்ளியை நிறுவினார். 1946இல் யுன் பியோங்-இன் சியோல் நகரின் கிறித்தவ வாலிபர் சங்க மண்டபத்தில் வகுப்பு நடத்தினார். ஒரு வாலிபர் சங்கத்தின் மண்டபம் பெருங்கலை ஒன்றுக்குத் தொட்டிலாயிற்று என்பதை நம் சங்க அங்கத்தவர்கள் மனங்கொள்வாராக.

'குவான்' எனப்பட்ட இப்பள்ளிகளில் அக்காலத்துப் பயிற்சி கடுமையானது. மாணவர் பெரும்பாலும் வாலிபர். கற்பித்த பாடங்களோ பெரும்பாலும் யப்பானியக் கராத்தேப் பாடங்கள். ஒவ்வொரு பள்ளியும் தன் கலைக்கு ஒவ்வொரு பெயரிட்டது. ஒன்று 'தாங் சு டோ' என்றது, மற்றொன்று 'கொங் சு டோ' என்றது, வேறொன்று 'குவொன் பொப்' என்றது. நாடு விடுதலை பெற்றுவிட்டது. நாட்டின் கலைக்கோ இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

ஒரு பெயரும் பல பூசல்களும்

1950ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆந் திகதி தொடங்கிய கொரிய யுத்தம், 1953ஆம் ஆண்டு யூலை 27ஆந் திகதி வரை நாட்டைச் சுட்டெரித்தது. நாடு இரண்டாகப் பிளந்தே நின்றது. அந்தச் சாம்பலிலிருந்துதான் இக்கலை புதுப் பெயரோடு எழுந்தது. இளமையில் யப்பானிலே கராத்தே கற்ற சோய் ஹொங்-ஹி என்னும் படைத்தலைவர், தம் படைவீரர்க்கு இக்கலையைப் பயிற்றினார். அவர் முன்மொழிந்த 'டேக்வாண்டோ' என்னும் பெயர் 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் திகதி ஏற்கப்பட்டதாகக் கூறுவர். 'டே' என்பது காலின் தொழில்; 'குவொன்' என்பது கையின் முட்டி; 'டோ' என்பது நெறி. பழைய 'தேக்கியன்' என்னும் பெயரை அது ஒலியால் நினைவூட்டியது. அதனாலேயே அப்பெயர் விரும்பப்பட்டது.

பெயர் ஒன்றானதும் மனம் ஒன்றாகிவிட்டதா? இல்லை. எந்தப் பள்ளி மூத்தது, எவருடைய டான் உயர்ந்தது, எவர் எவரைத் தேர்வு செய்யத் தக்கார் என்ற பூசல்கள் ஓயவில்லை. 1961இல் பள்ளிகள் கூடிப் பொதுச் சங்கம் அமைத்தபோது, டேக்வாண்டோ என்ற பெயரை விடுத்து 'டே சு டோ' என்று வைத்தனர். 1965இலேதான் டேக்வாண்டோ என்ற பெயர் திரும்ப வந்தது. 1962 முதல் சங்கம் பொதுவான டான் தேர்வுகளை நடத்தத் தொடங்கிற்று. தம் பள்ளியில் எதிர்ப்பாரின்றி வீற்றிருந்த ஆசான்களுக்கு, இன்னொரு பள்ளியாரும் அமர்ந்திருக்கும் பொது அவையின் அளவுகோலை ஏற்பது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சிலர் ஏற்றனர், சிலர் ஏலாது தனி வழி போயினர். ஹுவாங் கீ தம் பழைய பெயரோடே தனித்து நின்றார். 1966இல் சோய் ஹொங்-ஹி சர்வதேச டேக்வாண்டோச் சம்மேளனத்தை நிறுவினார். 1972இல் நாட்டைவிட்டுக் கனடா சென்று, அங்கிருந்தே தம் முறையைப் பரப்பினார். சியோலில் 1972ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி 'குக்கிவொன்' என்னும் தலைமைக் கூடம் திறக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டு மே மாதம் முதல் உலகப் போட்டியும், அதனையொட்டி உலகச் சம்மேளனமும் தோன்றின. ஒன்பது பெரிய குவான்களும் தம் தனி உரிமைகளை விட்டு, டான் வழங்கும் பொறுப்பைக் குக்கிவொன்னிடம் முற்றாக ஒப்படைக்க 1978ஆம் ஆண்டு வரை சென்றது.

ஆகவே, மூத்த ஆசான்களும் ஒருமுறை புது மாணாக்கராக வரிசையில் வந்து நின்ற பின்னரே இக்கலை ஒரு கலையாயிற்று. நிற்க மறுத்த இடங்களில் அது பிளவுபட்டது. இன்றும் இரு பெரும் முறைகளாக அது வழங்குவதற்குக் காரணம் இதுவே.

பழமை என்னும் மயக்கம்

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் கூறவேண்டும். அடிமைத்தளை நீங்கிய நாட்டினர் தம் கலை அண்மையில் பிறந்தது என்றும், அதுவும் தம்மை ஆண்டவரிடமிருந்து வந்தது என்றும் ஒப்புக்கொள்ள நாணினர். ஆகவே, டேக்வாண்டோ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று நூல்கள் எழுதப்பட்டன. கோகுரியோ அரசர் காலத்துக் கல்லறை ஒன்றிலே எதிரெதிராக நிற்கும் இருவர் ஓவியமும், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த செக்குராம் குடைவரையிலுள்ள காவலர் சிலைகளும், சில்லா நாட்டு இளவீரர் குழுவாகிய 'ஹுவாராங்' கதைகளும் சான்றுகளாகக் காட்டப்பட்டன. ஓவியம் உண்மை; சிலை உண்மை; இளவீரரும் உண்மை. அவற்றிலிருந்து இன்றைய டேக்வாண்டோ வரை வரும் இடையறாத குரு பரம்பரை மாத்திரம் காணக் கிடைக்கவில்லை. 1790ஆம் ஆண்டில் கொரிய மன்னர் ஆணையால் தொகுக்கப்பட்ட போர்க்கலை நூலிலே வெறுங்கைப் போர் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அதுவும் சீன நூலைத் தழுவியது. ஸ்டீவன் கேப்பனர், உடோ மொய்னிக் முதலிய ஆய்வாளர் இவற்றையெல்லாம் சீர்தூக்கி, இன்றைய கலையின் வேர் 1940களின் பள்ளிகளிலும் அவற்றின் கராத்தேப் பாடங்களிலுமே உள்ளது என்று காட்டியுள்ளனர்.

கொரியரை நகைக்க நமக்கு உரிமை உண்டோ? கீழ்த்திசைப் போர்க்கலை அனைத்தும் காஞ்சிபுரத்துப் போதிதருமர் கற்பித்தவையே என்று நாமும் மேடைகளில் முழங்குகிறோம் அன்றோ? போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று, கி. பி. 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட சீன நூலில் உள்ளது. அது அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு, தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மைந்தர் என்கிறது. இரண்டிலும் அவர் துறவியாகவே விளங்குகிறார். போர்க்கலை பற்றிய பேச்சு இல்லை. சாவொலின் மடத்து உடற்பயிற்சியோடு அவரை இணைக்கும் நூலோ 1624ஆம் ஆண்டுத் திகதியிட்ட பின்னுரையை உடையது. இடையே கிடப்பது ஆயிரம் ஆண்டு. அப்பெரியாரின் பெருமைக்கு இதனால் குறைவு ஏதுமில்லை. நம் பெருமையை அவர் தோளில் ஏற்றுவதே பிழை.

புதியது என்றால் தாழ்ந்தது என்று எண்ணுவதே இந்த மயக்கத்தின் மூலம். உண்மையில் கொரியர் பெருமைப்படத் தக்கது, தாம் பெற்றதைத் தாமே மாற்றியமைத்த உழைப்பேயாகும். கராத்தேயில் கையே தலைமை பெற்றிருக்க, இவர் காலை முதன்மையாக்கினர். அடியை உடலிற் படாமல் நிறுத்தும் வழக்கத்தை விடுத்து, மார்புக் கவசம் அணிந்து மெய்யாகவே மோதும் போட்டியை வகுத்தனர். அதனால் சுழன்று உதைக்கும் முறைகள் புதிது புதிதாய்ப் பிறந்தன. இரவல் வாங்கிய பாடங்களை நீக்கிப் புதுப் பாடங்கள் இயற்றினர். 1980இல் ஒலிம்பிக் குழு டேக்வாண்டோவை அங்கீகரித்தது. 1988இல் சியோலிலும் 1992இல் பார்சலோனாவிலும் அது காட்சிப் போட்டியாக நடைபெற்றது. 2000ஆம் ஆண்டில், சிட்னியிலே, ஆடவர்க்கு நான்கும் மகளிர்க்கு நான்குமாக எட்டுப் பிரிவுகளுடன் முழு ஒலிம்பிக் விளையாட்டாயிற்று. சொங் டோ குவான் திறந்த நாளிலிருந்து ஐம்பத்தாறு ஆண்டுகள்! வெள்ளைப் பட்டி கட்டிய ஒரு கலை ஒரு மனிதனின் ஆயுளுக்குள் அடைந்த உயரம் இது. இரண்டாயிரம் ஆண்டுக் கதையினும் இவ்வுண்மைக் கதை வியப்பிற் குறைந்ததோ?

முதற் பாடம்

இனி, இக்கலையின் வாசலில் வந்து நிற்பவர்க்கு முதலில் கற்பிக்கப்படுவது யாது என்று பார்ப்போம்.

முதலாவது, வணக்கம். கூடத்துள் நுழையும்போதும், ஆசானைக் காணும்போதும், எதிர்நின்று பயிலும் தோழருக்கும் தலை தாழ்த்த வேண்டும். அடுத்து நிற்கும் நிலை. பின்னர் முட்டியை இடுப்பிலிருந்து நேரே செலுத்தி, முடிவில் மணிக்கட்டைத் திருப்பிக் குத்தும் முறை. பின்னர் முன்னுதை, முழங்காலை முதலில் மார்பளவு உயர்த்தி, அதன்பின் காலை நீட்டி, நீட்டிய காலை மீள மடக்கியே நிலத்தில் வைக்க வேண்டும். மடக்காமல் போடும் காலை எதிரி பற்றிக்கொள்வான். அசைவின் முடிவில் அடிவயிற்றிலிருந்து எழும் முழக்கத்தைக் 'கிஹாப்' என்பர். நாணமுடைய பெரியவர்க்கு உதையினும் கடினமானது இம்முழக்கமே. பிள்ளைகள் முதல் நாளே கூரை அதிரக் கத்திவிடுவர்.

அசைவுகளைக் கோத்து அமைத்த தொடர்ப் பாடங்களும் உண்டு. குக்கிவொன் முறையில் தொடக்க மாணவன் கற்பது 'டேகுக்' வரிசையின் முதற் பாடம். 1970களின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட அவ்வரிசையில் எட்டுப் பாடங்கள் உள. எட்டும் கீழ்த்திசைத் தத்துவத்தின் எட்டுக் குறிகளைத் தழுவியவை. முதற் பாடத்தில் பதினெட்டு அசைவுகள்; அதன் குறி வானம். சோய் ஹொங்-ஹி முறையிலோ முதற் பாடத்தின் பெயர் 'சொன்-ஜி'; வானும் மண்ணும் என்பது பொருள்; பத்தொன்பது அசைவுகள். ஒன்றோடொன்று பிணங்கி நின்ற இரு முறைகளும் ஒரு காரியத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டிலும் முதல் அசைவு இடப்புறம் திரும்பிக் கீழ்நோக்கிக் கையால் தடுத்தல். தாக்குதல் அதன் பின்னரே. தற்காப்பு என்று வாயாற் சொல்வதை இக்கலை தன் முதல் அசைவிலேயே வைத்திருக்கிறது.

நிறங்களுக்கும் பொருள் உண்டு. சோய் முறையில் வெள்ளை, முன்னறிவு ஏதுமின்றி வந்த மாணவனின் களங்கமின்மை, மஞ்சள், வித்து ஊன்றும் மண், பச்சை, முளைத்தெழும் பயிர், நீலம், அப்பயிர் நாடும் வானம், சிவப்பு, அபாயம். கொஞ்சம் கற்றவனிடமே அபாயம் உண்டு என்பதால் அவன் தன்னை அடக்கவும், எதிரி விலகவும் அந்நிறம் எச்சரிக்கின்றது. கறுப்பு வெள்ளைக்கு மறுதலை. பத்தாம் படியிலிருந்து முதற் படிவரை 'குப்' எனப்படும் தரங்களைக் கடந்த பின்னரே கறுப்புப் பட்டி.

சிறுவர்க்கும் பெரியோர்க்கும்

சிறுவரையும் பெரியோரையும் ஒரே கூடத்தில் நிறுத்தும் இக்கலை, இருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. குக்கிவொன் விதிப்படி பதினைந்து வயது நிரம்பாதவர்க்கு 'டான்' கிடையாது. 'பூம்' என்னும் தரமே உண்டு. அவர்தம் பட்டி பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக இருக்கும். வயது வந்ததும் அதை டானாக மாற்றிக்கொள்ளலாம். திறமை முந்தி வந்தாலும் பொறுப்பு வயதோடுதான் வரும் என்பது இதன் கருத்துப் போலும். பெரியோர்க்கும் அவசரம் கூடாது. முதல் டானிலிருந்து இரண்டாம் டானுக்கு ஓராண்டு, இரண்டிலிருந்து மூன்றுக்கு இரண்டாண்டு, மூன்றிலிருந்து நான்குக்கு மூன்றாண்டு காத்திருந்து பயில வேண்டும்.

பெற்றார்க்கு நாம் கூற விரும்புவது இது. பிள்ளை எந்தப் பட்டி வாங்கிற்று என்று கிழமைதோறும் கேளாதிருங்கள். இன்று என்ன பயின்றாய், யாருக்கு உதவினாய் என்று கேளுங்கள். விரைவில் பட்டி தருவதாகச் சொல்லிக் காசு கேட்கும் கூடத்தை விட்டு விலகுங்கள். ஆசான் எவரிடம் பயின்றார், எந்தச் சம்மேளனத்தின் தரம் பெற்றார் என்று வினவுவதில் தவறில்லை. தலையில் அடிபடும் போட்டிச் சண்டைக்குப் பிள்ளையை அவசரப்படுத்தலாகாது. தலைக்கவசம், மார்புக்கவசம், பற்காப்பு இன்றி மோதவிடலாகாது.

பெரியோர்க்கு: முதல் மாதத்தில் தலை உயரத்துக்கு உதைக்க முயலாதீர்கள். இடுப்பும் தொடை நரம்பும் பல ஆண்டு நாற்காலியில் இருந்து இறுகியவை. நாளும் சிறிது சிறிதாகவே இளகும். சுழன்று உதைக்கையில் நிலத்தில் ஊன்றிய பாதத்தையும் திருப்பாவிடின் முழங்கால் நோகும். நெஞ்சு நோயோ இரத்த அழுத்தமோ உடையவர் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் பதினாறு வயது வாலிபனோடு உங்களை ஒப்பிடாதீர்கள். போன மாதத்து உங்களோடு ஒப்பிடுங்கள். 2006ஆம் ஆண்டில் சியோலிலே தொடங்கிய தொடர்ப்பாட உலகப் போட்டிகள் வயதுப் பிரிவுகளாக நடைபெறுகின்றன. அறுபதைக் கடந்தவர்க்கும் அங்கே இடம் உண்டு.

வீடிழந்தவர் கட்டிய பட்டி

நூலறிவினும் மனித வாழ்வே சிறந்த சான்று. ஆப்கானித்தானத்திலே யுத்தம் மூண்டபோது, ரோகுல்லா நிக்பாய் என்னும் சிறுவன் குடும்பத்தோடு ஈரானுக்கு அகதியாகச் சென்றான். அங்கே அகதிப் பிள்ளைகளோடு டேக்வாண்டோ பயின்றான். 2008ஆம் ஆண்டு பெய்சிங் ஒலிம்பிக்கில் அவன் வென்ற வெண்கலமே ஆப்கானித்தானம் ஒலிம்பிக்கிற் பெற்ற முதற் பதக்கம். 2012இல் இலண்டனில் மீண்டும் வெண்கலம் வென்றான்.

யோர்தான் நாட்டுப் பாலைவனத்திலே அஸ்ராக் என்னும் முகாம் உண்டு. சிரியாவிலிருந்து ஓடிவந்தோர் தங்கிய இடம். 2016 முதல் அங்கே டேக்வாண்டோ கற்பிக்கப்படுகிறது. அம்முகாமிலே வெள்ளைப் பட்டி கட்டித் தொடங்கிய யாகியா அல் கொத்தானி, 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் கொடி தாங்கிய இருவருள் ஒருவனாகச் சென்றான். அதே ஆண்டு, அதே நகரில், மாற்றுத்திறனாளர்க்கான பாராலிம்பிக் போட்டியிலே, ஒரு கையின் குறையோடு பிறந்த சக்கியா குடாதாதி என்னும் ஆப்கானியப் பெண், டேக்வாண்டோவில் வெண்கலம் வென்றாள். அகதிகள் அணி பாராலிம்பிக்கில் பெற்ற முதற் பதக்கம் அதுவே.

வீடும் ஊரும் இழந்து, அகதி என்ற பெயரை மாத்திரம் சுமந்து நிற்பது என்னவென்பது நம்முள் பலர் அறிந்த ஒன்று. எல்லாம் போன பின்னர் மனிதனிடம் எஞ்சுவது மீண்டும் தொடங்கும் ஆற்றல் ஒன்றே. முகாமின் மண்தரையில் வெள்ளைப் பட்டி கட்டிய பிள்ளை அதைத்தான் கட்டிக்கொண்டான்.

யப்பானிலே உடல் மெலிந்த ஒரு மாணவன், ஒகினாவாவிலிருந்து வந்த வயதான ஓர் ஆசிரியர், ஆள்வோர் நாட்டிற் கற்று மீண்ட கொரிய வாலிபர், பொது அவைமுன் வந்து நின்ற ஆசான்கள், முகாமிற் பயின்ற அகதிப் பிள்ளைகள் என்று, நாம் கண்ட இவ்வரலாற்றில் வருவோர் யாவரும் தம் நாணத்தை வாசலிற் கழற்றி வைத்து உள்ளே வந்தவர்களே. தன் தொடக்கத்தை மறைக்க முயன்ற வேளையில் அக்கலை பொய்க்கதை தேடி அலைந்தது. புதிது புதிதாய்க் கற்கத் துணிந்த வேளையில் உலகை வென்றது.

அடுத்த விசயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும்போது, பெரியோரே, உங்கள் விரலையும் ஒருமுறை பாருங்கள். அது எழுத வேண்டிய புது எழுத்து ஒன்று இன்னும் இருக்கும். டேக்வாண்டோவாயினும் ஆகுக, நம் சிலம்படியாயினும் ஆகுக, இசையோ, பிற மொழியோ ஆகுக. வாலிபர்களே, உங்கள் தந்தையோ தாயோ ஏதேனும் ஒன்றைப் புதிதாய்த் தொடங்கி உங்களுக்குப் பின் வரிசையில் வந்து நின்றால், நகையாதீர்கள். திரும்பி நின்று, தலை தாழ்த்தி வணங்கி, காலை எப்படி மடக்குவது என்று பொறுமையோடு காட்டுங்கள்.